செய்மதியும் செய்தியும்

நான் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்க, பஸ் ஹோல்ட் வரை போனபிறகும் திரும்பி வந்து மூன்று மாடி ஏறுகிறவள். தொலைபேசி அடித்துவிட்டு நின்றுபோனால், யாருக்கு என்ன ஆனதோ என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் எடுத்துக் கேட்கிறவள். இப்படிப்பட்ட ஒருத்திக்கு வானத்திலிருந்து நாட்டைப் பார்க்கிற வேலை கிடைத்தது. "உனக்குப் பயப்பிடுறதுக்கு வெள்ளவத்தை போதாமல் போச்சு, அதுதான் மேலை ஏறிப் பார்க்கிறாய்" என்று அக்கா சொல்வாள்.

வேலை பெரிய விஷயமில்லை. செய்மதிகள் எடுக்கிற படங்களை வாங்கி, எந்தத் தேயிலை மலை காய்ந்திருக்கிறது, எந்தச் சரிவில் மண் நகர்ந்திருக்கிறது, எந்த வயல் விளையாமல் போனது என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிற ஒரு சிறிய கம்பனி. நான் கணினிக்கு முன்னால் இருந்து கண் கெடுகிறவர்களில் ஒருத்தி. செய்மதி என்ற சொல்லில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. செய்த மதி. மனிதர் செய்து மேலே விட்ட நிலா. இந்தியாவில் இதைச் செயற்கைக்கோள் என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் செய்மதி பூமியைப் பாதி சுற்றிவிடும் என்று நான் பகிடி விடுவதுண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், நான் இருக்கிற கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் விண்வெளி பற்றித் தமிழில் பேசுவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் கிடக்கிறது, தமிழில் கேட்க ஆள் உண்டா பார்ப்போம் என்ற வீம்பு. முதல் கூட்டத்துக்கு "கோள்களை அறிவோம்" என்று நோட்டீஸ் ஒட்டினேன். மண்டபம் நிறைந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேசி முடித்த பிறகுதான் முன்வரிசையில் இருந்தவர் கைப்பையைத் திறந்து மகளின் சாதகத்தை எடுத்தார். எட்டில் சனி, எப்போது விலகும் என்று கேட்டார். பின்னால் இன்னும் பலர் சாதகத்தோடு காத்திருந்தார்கள். அடுத்த மாதம் நோட்டீஸை மாற்றினேன், கூட்டமும் மாறிவிட்டது. வடைக்கும் தேத்தண்ணிக்கும் வருகிற ஓய்வூதியக்காரர்கள், பிள்ளைகளை ரியூஷனில் விட்டுவிட்டு நேரம் போக்க வருகிற தாய்மார், கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், இவர்கள் தங்கினார்கள். அந்தப் பெரியவர் முதன்முதல் வந்தது பிறையைப் பற்றிக் கேட்க. பிறை எந்தப் பின்னேரம் கண்ணுக்குத் தெரியும், எந்தப் பின்னேரம் தெரியாது, ஏன் என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டமும் தவறவிடவில்லை.

அக்காவும் ஒருமுறை வந்தாள். கடைசிவரை இருந்து கேட்டாள். போகும்போது, "நல்லாக் கதைக்கிறாய். ஆனால் ஒண்டும் எங்களைப் பற்றி இல்லை" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை.

அக்காவும் அத்தானும் கொழும்பின் ஓரத்தில், களனி கங்கைப் பக்கம், கொலன்னாவையில் இருக்கிறார்கள். அத்தான் வேலை செய்த காலமெல்லாம் அங்கே எண்ணெய் சேமித்து வைக்கிற பெரிய இரும்புத் தாங்கிகளோடுதான். அதனால் பக்கத்திலேயே காணி வாங்கி வீடு கட்டினார். கீழ்வீடு மட்டும், மாடி போடுகிற திட்டம் இருந்தது, பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விளங்காது. பேச்சும் அறுந்து அறுந்துதான் வரும். ஒரு சொல்லைத் தேடி எடுக்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். பகல் முழுவதும் கட்டிலில், தொலைக்காட்சிக்கு முன்னால். பிள்ளைகள் வெளிநாட்டில். முன்பும் வீட்டுக்கு முன்னால் போகிற அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் வெள்ளம் வந்திருக்கிறது; அப்போதெல்லாம் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வெளியே வந்தவர். இப்போது தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்தால் அவருக்கு எழும்பி இருக்கவே முடியாது. பாதை மூடிவிட்டால் அம்புலன்ஸும் உள்ளே போகாது. மழை வரப்போகிறது என்று தெரிந்த அந்தக் கிழமை முழுவதும் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

தாழமுக்கம் ஒன்று புயலாகி நாட்டைக் கடந்து வடக்கே போனது. கொழும்பில் இரண்டு நாள் கொட்டிவிட்டு ஓய்ந்தது. மூன்றாம் நாள் காலை வெயில். வெள்ளவத்தையில் எல்லோரும் யன்னல்களைத் திறந்து, ஈரத் துணிகளைப் பல்கனியில் போட்டு, அப்பாடா என்றார்கள். எனக்கு அந்த வெயிலைக் கண்டதும் பயம் கூடிவிட்டது. கொலன்னாவைக்கு வெள்ளம் வருவது கொலன்னாவையில் பெய்கிற மழையால் அல்ல. மலைநாட்டில் பெய்தது களனி கங்கையாக இறங்கி வந்து சேர ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். இங்கே வானம் வெளித்த பிறகுதான் தண்ணீர் வரும். வாசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் அகப்படுவது இந்த இடத்தில்தான்.

செய்மதிகளுக்கு அந்தப் பிழை நேராது. முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளந்து, கீழே எங்கே எவ்வளவு கொட்டுகிறது என்று சொல்லும் செய்மதிகள் இருக்கின்றன. முகிலை ஊடுருவிப் பார்க்கிற ராடர் செய்மதிகளும் இருக்கின்றன. இருட்டோ மழையோ அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. மேலிருந்து அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பிடிக்கும். அசையாத தண்ணீரில் பட்ட அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. ஆகவே படத்தில் தண்ணீர் கறுப்பு. இரும்பும் கட்டடமும் அலையை அப்படியே திருப்பி அனுப்பும். ஆகவே அவை வெள்ளை. பேரிடர் என்றால் பல நாடுகள் இப்படியான படங்களைக் கேட்டவுடன் சும்மா தந்துவிடும். நிலவின் பள்ளங்களையும் வெள்ளியின் முகிலையும் ஆராயப் போனவர்கள் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் இப்போது எங்கள் ஊர் ஆற்றைப் பார்க்க உதவுகிறது. இதை நான் மண்டபத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வடையைப் பார்ப்பார்கள்.

அன்று காலை வந்த படத்தில் ஆறு இறங்கி வருகிற வழியில், ஹங்வெல்லவிலிருந்து கடுவெல வரை, ஆற்றின் இரண்டு பக்கமும் கறுப்பு. வயல், தோட்டம், பாதை ஒன்றும் இல்லை. கறுப்பு முடிகிற இடத்திலிருந்து கொலன்னாவைக்கு அதிக தூரமில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். மழைக்குப் பிறகு லைன் சரியில்லை, கரகரவென்று இருந்தது. பக்கத்தில் தொலைக்காட்சி வேறு அலறியது.

"அக்கா, செய்மதியிலை பார்த்தனான். நிறையத் தண்ணி வருது."

"ஓம், நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். பாவங்கள், என்ன செய்யிறது."

அக்காவும் பார்த்தாளா? அரச எச்சரிக்கையை யாராவது அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். எச்சரிக்கைகள் அவளுக்கு எப்போதும் வரும். காலை வணக்கப் பூப்படங்களோடு சேர்த்து அழித்துவிடுவாள். இந்த முறை பார்த்திருக்கிறாள் என்றதே எனக்குப் பெரிய நிம்மதி.

"அப்ப கெதியாய் வெளிக்கிட வேணும். கீழை இருக்கக்கூடாது" என்றேன்.

"ஓமோம், அவங்களும் அதைத்தான் சொல்லுறாங்கள்."

அவங்கள் என்றது ஒழுங்கையில் உள்ளவர்கள், அல்லது கிராம சேவகர். அப்படித்தான் நான் எடுத்தேன். லைன் அறுந்தது. அக்காவோடு வாக்குவாதப்படாமல் ஒரு காரியம் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, கட்டில் விரிப்பை மாற்றி, அத்தானுக்கு ஒரு தலையணை கூடுதலாக எடுத்து வைத்தேன். அவர்கள் வந்தால் சாப்பிட இருக்கட்டும் என்று அரிசியும் போட்டேன்.

சோறு கொதிக்கையில் அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. வெளிக்கிட்டுவிட்டோம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்துத் திறந்தேன்.

"இஞ்சை, சொல்ல மறந்துபோனன். சென்னையிலை எங்கடை மாமியின்ரை மகள் இருக்கிறாள் எல்லே, அவளுக்கு ஒருக்கால் எடுத்து மாடிக்குப் போய் இருக்கச் சொல்லு. கீழ்வீட்டிலைதானே இருக்கிறாள். நீயும் செய்தியிலை பார்த்தனான் எண்டு சொன்னனீ. புயல் அங்கைதானாம் போகுது. நாங்கள் தப்பிச்சம்."

செய்தியிலை. திரும்பவும் போட்டுக் கேட்டேன். செய்தியிலைதான். செய்மதி என்று நான் சொன்னது கரகரப்புக்குள் செய்தியாகிவிட்டது. பாவங்கள் என்று அவள் சொன்னது சென்னைச் சனங்களை. அவங்கள் என்றது செய்தி வாசிக்கிறவர்களை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் காலையிலிருந்து படுக்கும்வரை ஓடுவது சென்னைச் சானல்தான். சென்னையில் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று அக்காவுக்குத் தெரியும்; தன் ஒழுங்கையின் கழிவுநீர்க் கான் அடைத்திருப்பது தெரியாது. அவர்கள் காட்டுகிற புயல் வரைபடத்தில் நாங்கள் நிறமில்லாத ஒரு கட்டி, ஒரு பெயரும் எழுதாமல் அடியில் கிடப்போம். அதைவிடக் கொடுமை, அந்தச் சானலும் செய்மதி வழியாகத்தான் அவளுடைய கூரை டிஷ்ஷுக்கு வருகிறது. நான் சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தாலும் அவள் சென்னையைத்தான் நினைத்திருப்பாள்.

திருப்பி எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. அது அவள் அத்தானைத் துடைத்துவிடுகிற நேரம்; போன் குசினியில் சார்ஜில் கிடக்கும். மீண்டும் எடுத்தேன். பக்கத்து வீட்டு நம்பர் என்னிடம் இல்லை. எத்தனை வருஷமாகப் போய்வருகிறேன், ஒரு நம்பர் வாங்கி வைக்கவில்லையே என்று என்னையே ஏசிக்கொண்டு செருப்பை மாட்டினேன். காஸை மூடினேனா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

முச்சக்கரவண்டி பாமன்கடையைத் தாண்டும்போது கொட்டாஞ்சேனைப் பெரியவருக்கு எடுத்தேன். அத்தானை முச்சக்கரவண்டியில் மடக்கி ஏற்ற முடியாது; அவரிடம் சாமான் ஏற்றும் வான் இருந்தது. என்ன சொல்லிக் கேட்பது என்று கூட யோசிக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மிஸ், பயப்புடாதீங்க. வான்ல தகரம் ஏத்தி ஈக்கு. எறக்கிட்டு நேரா அங்க வாறேன்" என்றார். வெயில் எறிக்கிறதே, வெள்ளம் எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் எல்லோருக்கும் சொல்கிற விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, பொரளை, எங்கும் ஒரு சாதாரண நாள். ஆட்கள் லொத்தர் வாங்குகிறார்கள், சீருடைப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் நக்குகிறார்கள். எனக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம், நான்தான் பைத்தியமோ என்றும் தோன்றியது. படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். கறுப்பு அங்கேயேதான் இருந்தது. தெமட்டகொடையில் வாகனங்கள் நின்றபோது சாரதியிடம் சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஆஸ்பத்திரியா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு ஒழுங்கைக்குள் வளைத்துப் போனார்.

அக்கா முற்றத்துக் கொடியில் கட்டில் விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னடி, சொல்லாமல் கொள்ளாமல்?"

"அக்கா, வெளிக்கிடுங்கோ. வெள்ளம் இஞ்சைதான் வருது. சென்னைக்கில்லை."

"வெயில் எறிக்குது, பார்."

"மழை இஞ்சை பெய்ய வேண்டாம். மலையிலை பெஞ்சதே போதும்."

"உனக்கு எப்பவும் இதுதான். போன வருஷமும் சொன்னனீ, ஒண்டும் வரேல்லை."

போன வருஷம் சொன்னது உண்மை. ஒன்றும் வராததும் உண்மை. பயந்தவளுடைய சொல்லுக்கு இதுதான் விலை. உண்மையாகவே பயப்பட வேண்டிய நாளில் அது செல்லாது. நான் கத்தினேன். செய்தி இல்லை, செய்மதி, செய்மதி என்று அந்த முற்றத்தில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்கத் தொடங்கின. போனைத் திறந்து படத்தை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "வயித்து ஸ்கான் மாதிரிக் கிடக்கு. இதிலை என்னத்தைக் கண்டனீ?"

கறுப்பு தண்ணீர் என்றேன். கடுவெல இது, ஆறு இது என்றேன். அவள் தலையாட்டினாள், மண்டபத்தில் ஆட்டுவார்களே, அப்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை விட்டுவிட்டு உள்ளே அத்தானிடம் போனேன். தொலைக்காட்சியில் கடற்கரையில் மைக் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். நான் அதற்கு முன்னால் போய் நின்று, போனை அவர் நெஞ்சுக்கு மேலே பிடித்தேன். அவருக்கு விளங்கும் என்று நினைத்து அல்ல. வேறு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்தான்.

அத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை உயர்த்திப் படத்தின் ஒரு மூலையைத் தொட்டார். படம் பெரிதாகியது. அங்கே வெள்ளைப் புள்ளிகள் ஒழுங்காக, வரிசை வரிசையாக, பளிச்சென்று இருந்தன. நான் காலையிலிருந்து கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவள், அவற்றைக் கவனித்திருக்கவில்லை.

"டாங்... டாங்கி" என்றார்.

எண்ணெய்த் தாங்கிகள். அவருடைய தாங்கிகள். விரல் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டு போனது. ஒரு புள்ளியில் நின்றது, அங்கிருந்து கொஞ்சம் இறங்கியது, அவர்களுடைய ஒழுங்கை இருக்க வேண்டிய இடத்துக்கு. பிறகு மெல்ல வலப்பக்கமாக நகர்ந்து கறுப்பின் விளிம்பைத் தொட்டது. திரும்ப வீட்டுக்கு வந்தது. அந்த இடைவெளி அவருடைய இரண்டு விரல் அகலம் கூட இல்லை.

அக்கா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். சொல்லைத் தேடுகிறபோது வருகிற அந்த நடுக்கம் வாயில் வந்தது.

"போ... போவம்."

அக்கா உள்ளே வந்தாள். தொலைக்காட்சியை நிறுத்தினாள். அத்தானின் மருந்துகளை ஒரு பையில் போட்டாள். பிறகு என் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு வெளியே போனாள்.

"எங்கை போறீங்கள்?" என்றேன்.

"சனத்துக்குச் சொல்ல வேண்டாமே?"

யன்னலால் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு கேற்றாகத் தட்டினாள். போனை நீட்டி, உடைந்த சிங்களத்தில், மேலேயிருந்து எடுத்த போட்டோ என்று சொல்வது கேட்டது. "உட இந்தலா கத்த போட்டோ எகக்." செய்மதி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. "மே டாங்கி, மே அபே பாற" என்று தாங்கிகளைத்தான் முதலில் காட்டினாள், பிறகு எங்கள் பாதையை, அதற்குப் பிறகுதான் கறுப்பை. அத்தான் காட்டிய அதே ஒழுங்கில். ஆட்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டைத் தேடினார். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணிகளை அள்ளினாள். நான் இத்தனை வருஷமாக மண்டபத்தில் சூரியனிலிருந்து தொடங்கி வெளியே போய்க்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக் கேற்றிலிருந்து தொடங்கினாள்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பதற்றம் அதைவிடப் பெரிது. வான் வருகிறது, பெரியவர் பாதை கேட்டு எனக்குத்தான் எடுப்பார், போன் அக்காவிடம். அவளோ ஒழுங்கையின் மற்ற முனையில். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அத்தான் என்னைப் பார்த்தபடி கிடந்தார். அப்போதுதான் கேற்றுக்கு வெளியே கானைக் கண்டேன். வழக்கமாகக் கான் தண்ணீர் ஆற்றுப்பக்கம் ஓடும். இப்போது அது திரும்பி, ஒழுங்கைக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், ஒரு யோகட் கோப்பையைச் சுமந்துகொண்டு, நல்ல வெயிலில்.

வான் ஒரு மாதிரி வந்து சேர்ந்தது. போனை எடுத்தது அக்காதானாம். தாங்கிகளைப் பார்த்து வாங்கோ என்று சொன்னாளாம். ஒழுங்கை ஆட்கள் இரண்டு பேர் அத்தானை பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். தகரத்தூள் கிடந்த வான் தரையில் மெத்தையை விரித்தோம். அக்கா கடைசியாகப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு சிங்கள அம்மா தனியே இருக்கிறார், மூன்று நாய்களோடு. படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், ஆனால் நகரவில்லை. "மங் என்னெ நே நங்கி, பல்லோ இன்னவா" என்றார். நாய்களை விட்டு வரமாட்டாராம். நாய்களையும் வானில் ஏற்றலாம் என்று அக்கா அவரிடம் சொன்னாள். அவற்றைக் கட்டிப் பிடிப்பதற்குள் கான் தண்ணீர் பாதையில் ஏறிவிட்டது. வான்காரப் பெரியவர் அத்தானைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், "இனி நிக்க ஏலா" என்றார். அந்த அம்மா கேற்றில் நின்று கைகாட்டினார். வெள்ளவத்தை வரும்வரை அக்கா திரும்பித் திரும்பிப் பின்னாலேயே பார்த்தாள்.

அடுத்த நாள் விடியும்போது அந்த ஒழுங்கை முழுதும் தண்ணீர் என்று ஒருவர் படம் அனுப்பினார். அக்கா வீட்டு யன்னலின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தை நினைத்தேன். உடனே நினைப்பை நிறுத்தினேன். ஒழுங்கையில் அநேகம் பேர் வெளியேறிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் போன் மட்டும் வேலை செய்யவில்லை. அக்கா உதவி நம்பர்களுக்கெல்லாம் எடுத்து, தாங்கிகளிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, கேற்று என்ன நிறம் என்று சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனாள். சாப்பிடவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போய்க் கிடக்கும். அவளை இப்படிப் பார்த்துப் பழக்கமில்லை; எங்கள் குடும்பத்தில் பயப்படுவது என் வேலை.

பின்னேரம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அந்த அம்மாதான். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏறி இருந்தவரைப் படகில் வந்தவர்கள் எடுத்து ஒரு பள்ளிக்கூட மாடியில் விட்டிருக்கிறார்கள். இரண்டு நாய்களும் உண்டு. மூன்றாவதைப் பற்றி அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா போனை வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் அன்றைய செய்மதிப் படம் வந்தது. அத்தான் கையை நீட்டிக் கேட்டார். அவரை என்னுடைய கட்டிலில், நான் கூடுதலாக எடுத்து வைத்த தலையணையில் சாய்த்து வைத்திருந்தோம். படத்தில் தாங்கிகள் அதே வெள்ளைப் புள்ளிகளாக நின்றன. அவற்றுக்கு அருகே ஒழுங்கை இல்லை, வீடு இல்லை. கறுப்பு வந்து தொட்டிருந்தது. அவர் விரலை வைத்து நேற்றுப் போன வழியிலேயே போனார். வீடு இருந்த இடத்தில் விரல் நின்றது.

"ஆ... ஆக்கள்" என்றார். நான் குனிந்தேன். "ஆக்கள்... தெரிவினமோ?"

தெரியமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் முடியாது. "இல்லை, அத்தான். தண்ணி எங்கை நிக்குது எண்டு மட்டும்தான் இதிலை தெரியும். ஆக்களை இது காட்டாது. அதுக்கு ஆராவது போய்த்தான் பார்க்க வேணும்."

அவர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வாய் நடுங்கியது. சொல்லுக்காக நானும் அக்காவும் காத்திருந்தோம். இம்முறை அது அறுபடாமல் வந்தது.

"நீ வந்தனீதானே."